ஆண்கடலும் பெண்கடலும் ஒரே பேட்சில்

எங்கள் பாம்பனில் வடக்கே ஒரு கடல், தெற்கே ஒரு கடல். பாக் விரிகுடாப் பக்கம் இருப்பது பெண்கடல், மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பது ஆண்கடல் என்று சொல்வார்கள். பள்ளியில் டீச்சராக இருக்கும் என் அக்கா, கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பற்றிப் பிள்ளைகளை வைத்து ஒரு நாடகம் போட்டாள். "ரெண்டு கடல் சத்தமும் வேணும்டா தம்பி, கேட்டதும் வித்தியாசம் தெரியணும்" என்றாள். செல்போனில் பதிவு செய்து பார்த்தேன். காற்று மைக்கில் மோதும் சத்தம்தான் பாதிக்கு மேல் இருந்தது. அதனால் கடலைக் கணினியிலேயே செய்வது என்று முடிவெடுத்தேன்.

தனித்தனித் துண்டுகளை இணைத்து ஒலி செய்யும் மாடுலர் சிந்தசிஸ் மென்பொருள்களில் 2017இல் வந்த விசிவி ரேக் பலருக்கும் தெரிந்திருக்கும். திரையில் சின்னச் சின்ன மாட்யூல்கள் இருக்கும். ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வாய்க்குக் கேபிள் இழுத்து ஒலியைக் கட்ட வேண்டும். அப்படிக் கட்டியதைத்தான் பேட்ச் என்பார்கள். ரேக் இலவசம். ஆனால் வெளியிலிருக்கும் விஎஸ்டி பிளகின்களை (மற்ற மென்பொருளுக்குள் செருகி ஓட்டும் ஒலிக்கருவிகள்) அதற்குள் கொண்டுவர வேண்டுமானால் ஹோஸ்ட் என்ற மாட்யூலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ரேக்கை அடிப்படையாக வைத்துச் செய்த கார்டினல் என்ற மென்பொருளில் அந்த வேலைக்கு இல்டேயில் என்ற மாட்யூல் கூடவே வருகிறது. கொரிய மொழியில் அதற்கு 'ஒன்றுக்கு ஒன்று' என்று பொருளாம். ஒரு மாட்யூலுக்குள் ஒரு பிளகின். என்னுடைய பழைய லினக்ஸ் மடிக்கணினிக்கு அது போதும்.

கடலைச் செய்வதற்குப் பிளகின் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு இரைச்சல் மாட்யூல், அதன் பின்னால் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை வடிகட்டும் லோபாஸ் ஃபில்டர், ஃபில்டரை மெதுவாகத் திறந்து மூட, மெதுவாக ஏறி இறங்கும் அலை தரும் ஒரு எல்எஃப்ஓ. எட்டு விநாடிக்கு ஒரு அலை. ஒரே சீராக அடித்தால் அது கடல் இல்லை, மெஷின். அதனால் அலையின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே இருக்க ஒரு ரேண்டம் மாட்யூலையும் சேர்த்தேன். ஆண்கடலுக்குப் பெரிய, கனமான அலை. பெண்கடலுக்குக் கரையை நக்கிப் போகிற சின்ன அலை.

சித்தப்பாவைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். முப்பது வருஷமாகக் கடலுக்குப் போகிறவர். "நல்லாத்தான் இருக்கு. ஆனா வாடைக்காத்து அடிச்சா வடகடலும் ஆம்பளையாயிரும், அப்ப தெங்கடல் சும்மா கெடக்கும். அதை எங்கடா காணோம்?" என்றார். அவர் சொன்ன பிறகுதான் மாடுலரின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது. மிக மெதுவாக ஏறி இறங்கும் ஒரு வோல்டேஜை எடுத்து, பெண்கடலின் விசிஏவுக்கு (ஒலியின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மாட்யூல்) அப்படியே கொடுத்தேன். அதையே தலைகீழாக்கி ஆண்கடலின் விசிஏவுக்குக் கொடுத்தேன். ஒன்று பொங்கும்போது மற்றது அடங்குகிறது. ஒரே கேபிளில் வாடைக்காற்றும், தெங்கடலைப் பொங்கவைக்கும் கச்சான் காற்றும்! அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

அப்புறம்தான் பிளகின்கள் வந்தன, சிக்கலும் சேர்ந்து வந்தது. பெண்கள் முனகுகிற மாதிரி, மீனவர்களின் அம்பாப் பாட்டின் சாயலில் ஒரு மெட்டு வேண்டும். சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச சிந்தசைசரை இல்டேயிலுக்குள் ஏற்றினேன். அதற்கு மிடி, அதாவது சுரங்களை எண்களாகச் சொல்லும் கட்டளை வேண்டும். மாடுலரிலோ ஓடுவது வோல்டேஜ், ஒரு ஸ்தாயிக்கு ஒரு வோல்ட். நடுவில் மொழிபெயர்க்க ஒரு எக்ஸ்பாண்டர் மாட்யூல் இருக்கிறது, அதை இல்டேயிலின் இடப்பக்கம் ஒட்டி வைக்க வேண்டும். வைத்தேன், ஒலி வந்தது. ஆனால் நான் வோல்டேஜில் வழுக்கி வழுக்கிச் செய்திருந்த கமகம் முழுதும் படிக்கட்டாகிவிட்டது. மிடியின் சுர எண்கள் அரைச்சுரம் அரைச்சுரமாகத்தான் போகும், இடையில் இருப்பதெல்லாம் தொலைந்துவிடும். நம் பாட்டுக்கு உயிரே அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்டை வைத்துச் சரிக்கட்டலாம்தான், ஆனால் சர்ஜின் ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர்களும் ஃபில்டர்களும் ரேக் மாட்யூல்களாகவே கிடைக்கின்றன. அவற்றை எடுத்து நேராக வோல்டேஜைக் கொடுத்தேன். கமகம் திரும்பி வந்தது.

என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது வல்லம் என்ற மீன்பிடிப் படகின் எஞ்சின் சத்தம். உறுமலுக்கு ரம்பப் பல் மாதிரி அலை தரும் ஒரு சா ஆஸிலேட்டரை எஃப்3 சுரத்தில், அதாவது கிட்டத்தட்ட 175 ஹெர்ட்ஸில் வைத்தேன். கரகரப்புக்காக அதை இல்டேயிலில் ஏற்றிய ஒரு சாச்சுரேஷன் பிளகின் வழியாக அனுப்பி, மூல ஒலியையும் மிக்ஸரில் சம அளவில் கலந்தேன். தடிமனாக வரும் என்று பார்த்தால் ஒலி சூம்பிப்போய், ஒரு ஸ்தாயி மேலே ஏறிய மாதிரி கேட்டது. கேபிள்களை மாற்றினேன், ஃபில்டரைக் கழற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. மூல ஒலியை மட்டும் விட்டால் சரியாக இருந்தது. பிளகின் ஒலியை மட்டும் விட்டாலும் சரியாகவே இருந்தது. சேர்ந்தால்தான் கெட்டது.

கடைசியில் ஒரே ஒரு 'டிக்'கை இரண்டு வழியிலும் அனுப்பி, அலையை வரைந்து காட்டும் ஸ்கோப்பில் பார்த்தேன். பிளகின் வழியாக வந்தது 2.9 மில்லிவிநாடி பிந்தியிருந்தது. நொடிக்கு 44,100 சாம்பிள் (கணினி ஒலியை எடுக்கும் ஒவ்வொரு அளவீடும் ஒரு சாம்பிள்) என்ற கணக்கில் அது 128 சாம்பிள். மாடுலர் ஒவ்வொரு சாம்பிளாக வேலை செய்கிறது. பிளகினோ ஒரு கட்டு சாம்பிள் சேர்ந்த பிறகுதான் வாங்கி வேலை செய்து திருப்பிக் கொடுக்கிறது. அந்தக் காத்திருப்புதான் இது. 172 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 2.9 மில்லிவிநாடி என்பது சரியாகப் பாதி அலை. ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் விழுந்து அதற்கு மிக அருகில் இருந்த என் 175 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. அதன் இரட்டிப்பான 350 தப்பித்துக்கொண்டது, அதனால்தான் ஸ்தாயி ஏறிய மாதிரி இருந்தது. காரணம் தெரிந்ததும் அவ்வளவு நிம்மதி.

வெளியில் கலப்பதை விட்டுவிட்டு, பிளகினுக்குள்ளேயே இருந்த மிக்ஸ் குமிழைப் பாதிக்குத் திருப்பினேன். உள்ளே கலந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே வருகின்றன. அப்படிக் குமிழ் இல்லாத பிளகின் என்றால் மூல ஒலியையும் 128 சாம்பிள் தாமதப்படுத்திவிட்டுக் கலக்கலாம். எதிரொலிக்குப் போட்ட டிராகன்ஃபிளை ரிவெர்பில் இந்தத் தொல்லையே இல்லை. அதைத் தனிக் கிளையாகவே விட்டேன். எதிரொலி மூன்று மில்லிவிநாடி பிந்தி வந்தால் யார் காதுக்குத் தெரியப்போகிறது?

அளவையும் கவனிக்க வேண்டும். கணினி ஒலியின் உச்சம் இங்கே 10 வோல்ட், ஆஸிலேட்டர் பூஜ்யத்துக்கு மேலும் கீழும் 5 வோல்ட் வரை தரும். மூன்றைச் சேர்த்துப் பிளகினுக்குள் விட்டால் உச்சத்தைத் தாண்டி உடையும். முன்னால் ஒரு விசிஏ வைத்துக் குறைத்துக்கொண்டேன்.

நாடகத்தன்று முதலில் பெண்கடலைத் தனியாக விட்டேன், பிறகு வாடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். முன்வரிசையில் பாசி எடுக்கும் அக்காமார் உட்கார்ந்திருந்தார்கள். வடகடல் பொங்கத் தொடங்கியதும் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இன்னைக்கு எறங்க முடியாதுடி" என்றார்.