அக்பாட்ஸா மணியும் ஹவுஸ் கிக்கும்: இதுவரை வந்த இடம்

கானாவின் வோல்டா பகுதியிலும் அதை ஒட்டிய டோகோவிலும் வாழும் எவே மக்களின் ஆட்டம் அக்பாட்ஸா. ஒரு காலத்தில் போர் ஆட்டமாக இருந்தது. இன்று கல்யாணம், இழவு, திருவிழா என்று எதற்கும் ஆடுகிறார்கள். அந்தத் தாளத்தை அடித்தளமாக வைத்து, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஹவுஸ் (கிளப்புகளில் ஓடும் டான்ஸ் இசை வகை) டிராக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஆசையை மூட்டியவர் பாடகர் மோரி கான்டே. கினி நாட்டில், பாட்டையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். கோரா என்ற 21 நரம்பு வாத்தியத்தையும் சிந்தசைசரையும் சேர்த்து அவர் 1987-ல் கொடுத்த 'யே கே யே கே' ஐரோப்பிய டான்ஸ் கிளப்புகளையே பிடித்துக்கொண்டது. அதில் கோரா ஓரத்தில் அழகுக்கு நிற்காது, பாட்டை இழுத்துக்கொண்டு ஓடும். அதுதான் எனக்கும் வேண்டும். கோரா மாண்டே மக்களுடையது, எவே மக்களுடையது இல்லை என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை. மேற்கு ஆப்பிரிக்கா என்று ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிண்டுவதில் எனக்கு விருப்பமில்லை.

அக்பாட்ஸாவில் எல்லோருக்கும் வழிகாட்டி கங்கோகுயி என்கிற இரட்டை இரும்பு மணி. ஒரு சுற்றுக்கு 12 துடிப்பு, அதில் ஏழு அடி: 1, 3, 5, 6, 8, 10, 12. நமக்கு 'தகிட' நாலு முறை சொன்னால் 12 வந்துவிடும். அதைச் சொல்லிக்கொண்டே மணியைத் தட்டிப் பழகினேன். ஹவுஸ் கிக், அதாவது பீட்டுக்கு ஒன்றாக விழும் கனத்த டிரம் அடி, விழுவது 1, 4, 7, 10-ல். இரண்டும் சந்திப்பது 1-லும் 10-லும் மட்டும்தான். நடுவில் மணி வேறு வழியில் போய்விட்டு வந்து சேரும். அந்த உரசல்தான் காலை எழுப்புகிறது. அதனால் சாஃப்ட்வேரில் ஒவ்வொரு பீட்டையும் மூன்றாகப் பிரிக்கும் கிரிட் வைத்தேன். வழக்கமான நாலாகப் பிரித்தால் மணி நேராகிப் போய், எங்கும் கேட்கிற பாப் லூப் ஆகிவிடுகிறது. கையால் தட்டியதை சாஃப்ட்வேரே கிரிட்டோடு ஒட்டி நேராக்கும் குவான்டைஸும் செய்யவில்லை.

அப்புறம் சைட்செயின். கிக் விழும்போது மற்ற ஒலிகளை அமுக்குவது டான்ஸ் மியூசிக்கில் பழக்கம். மணியையும் அதில் சேர்த்தால் 1-லும் 10-லும் அது அமுங்குகிறது. சுற்று எங்கே தொடங்குகிறது என்பதே காதுக்குத் தெரியாமல் போகிறது. மணிக்கு மட்டும் சைட்செயினை எடுத்தேன். கிக்கின் சத்தத்தையும் இறக்கினேன். உடனே தாளம் நிமிர்ந்துவிட்டது.

பேஸுக்குத்தான் அதிக நேரம் போனது. அக்பாட்ஸாவில் கிடி என்ற டிரம், தலைமை டிரம்மான சோகோவுக்குப் பதில் சொல்லும். குச்சியைத் துள்ளவிட்டுத் திறந்த ஒலி, தோலில் அழுத்தி மூடிய ஒலி, இரண்டுமாகத்தான் அதன் பேச்சு. பேஸ் கிதாரில் அதையே செய்தேன்: திறந்த ஒலிக்கு ஸ்வரத்தை ஒலிக்கவிட்டேன், மூடிய ஒலிக்கு உள்ளங்கையால் கம்பியை அடக்கினேன். கிக்கோடு ஒட்டி ஓடும் வழக்கமான பேஸைவிட இது எவ்வளவோ உயிரோடு இருக்கிறது. சிந்தசைசரில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) இரண்டே இரண்டு. அதற்கு மேல் வைத்தால் டிரம்களுக்கு மூச்சு முட்டுகிறது.

மேடையில் ஆடுகிற தோழி ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். கிக் பெரிதாக இருந்த பழைய வடிவத்துக்குக் கால் மட்டும் ஆடியது. புதியதில் தோளும் முதுகும் சேர்ந்துகொண்டன. அக்பாட்ஸா ஆடுபவர்கள் உடலை முன்னே சாய்த்து, முழங்கைகளைச் சிறகு போல அசைத்து ஆடுவார்கள். அதை அவர் பார்த்ததே இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி குரல். ஒருவர் எடுத்துக் கொடுக்க, கூட்டம் பதில் பாட வேண்டும். யாரோ எங்கோ பதிவு செய்த எவே பாட்டை வெட்டி ஒட்ட மனசு வரவில்லை. எவே மொழியில் பாடுகிற ஒருவரைத் தேடி, சம்பளமும் பெயரும் கொடுத்துப் பாட வைக்க எண்ணம். அதுவரை நடுவில் 16 சுற்று காலியாகவே ஓடும், மணியும் கிடியும் மட்டும்.