எந்தத் தண்ணீரில்?

பினாங்கில் ஓர் ஆய்வுக்கூடத்தில், தண்ணீரிலிருந்து சீசியத்தைப் பிரிக்கும் பொருள்களைச் சோதிப்பது என் வேலை. அணு உலைகளில் உண்டாகும் கதிர்வீச்சுள்ள சீசியம்-137ஐ நாங்கள் தொடுவதில்லை. சாதாரண சீசியம் உப்பைத்தான் கரைக்கிறோம். வேதியியலில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

புதிதாகச் சேரும் மாணவர்கள், "அக்கா, 99 விழுக்காடு புடிச்சிருச்சு!" என்று ஓடி வருவார்கள். "எந்தத் தண்ணியில?" என்றுதான் முதலில் கேட்பேன். வடிகட்டிய சுத்த நீரில் ஜியோலைட் என்ற கனிமத் தூளே பிரமாதமாக வேலை செய்யும். தன் நுண்துளைகளில் இருக்கும் சோடியத்தை விட்டுவிட்டு, அந்த இடத்தில் சீசியத்தை ஏற்றுக்கொள்ளும். அதே தூளைத் தஞ்சோங் பூங்கா கடற்கரையில் மொண்டு வந்த கடல்நீரில் போட்டால் நிலைமை வேறு. பொதுவாக ஒரு லிட்டர் கடல்நீரில் சோடியம் மட்டும் 10 கிராமுக்கு மேல், பொட்டாசியம் ஏறக்குறைய 0.4 கிராம். சீசியமோ எடைபோட முடியாத அளவு சொற்பம். இருக்கிற இடத்தையெல்லாம் மற்றவை பிடித்துக்கொள்ளும். ஜப்பானின் புகுஷிமாவில் 2011 விபத்தின்போது அணு உலைகளைக் குளிர்விக்கக் கடல்நீரை இறைத்ததால், அங்கே சுத்திகரிக்க வேண்டியிருந்ததும் உப்பு கலந்த நீர்தான்.

உப்பு நீரில் எனக்குப் பிடித்தது பிரஷ்ய நீலம் என்ற நிறமி. இரும்பும் சயனைடும் சேர்ந்த அதன் கூண்டு போன்ற அமைப்பில் சீசியம் கச்சிதமாகப் பொருந்தும். பிரேசிலின் கோயானியாவில் 1987இல் நடந்த கதிர்வீச்சு விபத்தில் சீசியம்-137 உடலுக்குள் போனவர்களுக்கு இதையே மருந்தாகக் கொடுத்தார்கள். ஆனால் தூள் மிக நுண்மையானது, வடிதாளையும் தாண்டிப் போய்விடும். அதை ஏதாவதொன்றில் ஒட்டவைப்பதிலேயே எங்கள் நேரம் பாதி கழிகிறது. காரத்தன்மை கூடினால் சிதைந்தும் போகும். அணு உலைக் கழிவில் வரும் இன்னொரு தனிமமான ஸ்ட்ரான்சியத்தைப் பிடிக்க, டைட்டானியம் சேர்ந்த டைட்டனேட் வகைகள் உண்டு. கதிர்வீச்சுள்ள ஹைட்ரஜனான டிரிட்டியத்திடம் இவை எதுவும் செல்லாது, அது தண்ணீர் மூலக்கூறிலேயே கலந்திருக்கிறது.

சரி, பிடித்தாயிற்று. அப்புறம்? சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். அதுவரைக்கும், அதற்கப்புறமும், அந்தத் தூள் எங்கோ இருந்தாக வேண்டும். பேராக்கின் புக்கிட் மேராவில் கதிர்வீச்சுள்ள தோரியக் கழிவோடு வாழ நேர்ந்தவர்களின் நாட்டில் இதைக் கேட்காமல் ஆய்வு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கேதான் கடல்நீரில் தோற்ற ஜியோலைட் முந்துகிறது. சீசியத்தை ஏற்றிய ஜியோலைட்டை உயர்ந்த வெப்பத்தில் சுட்டால், சீசியத்தை இறுக்கிப் பிடிக்கும் பொல்லுசைட் என்ற உறுதியான கனிமமாக மாற்றலாம். பிரஷ்ய நீலத்தைச் சூடாக்கினால் நச்சு சயனைடு வாயு வரும். அதனால் எந்தப் பொருளைத் தொடங்கினாலும் பிடிக்கும் அளவோடு, அதைப் பிறகு எப்படி முடக்கி வைப்பது என்பதையும் முதல் மாதத்திலேயே எழுதச் சொல்கிறேன்.