கணிப்பு தவறினால் குற்றவாளி யார்?

அறிவியல் தத்துவத்தை அறிமுகப்படுத்துகிறவர்கள் பலரும் தத்துவவாதி கார்ல் பாப்பரில் தொடங்கி அவரோடே முடித்துவிடுகிறார்கள். அவர் சொன்னது இதுதான்: ஆயிரம் வெள்ளை அன்னங்களைப் பார்த்தாலும் ‘எல்லா அன்னமும் வெள்ளை’ என்பது நிரூபணமாகாது. ஒரே ஒரு கறுப்பு அன்னம் வந்தால் கூற்று பொய்த்துவிடும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் அறிவியலில் எந்தக் கோட்பாடும் அந்த அன்னத்தைப் போலத் தனியாக வந்து மாட்டுவதில்லை.

1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த யுரேனஸ், 1840கள் வாக்கில் கணக்குச் சொன்ன இடத்தில் இல்லை. அந்தக் கணக்குக்குள் என்னவெல்லாம் இருந்தன? நியூட்டனின் ஈர்ப்பு விதி, வியாழன், சனி இவற்றின் நிறை, தொலைநோக்கியின் பிழையளவு, நம் வளிமண்டலம் ஒளியை வளைக்கும் அளவு. போதாததற்கு, ‘இதற்கு அப்பால் வேறு கோள் இல்லை’ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அனுமானம். கணிப்பு தவறினால் இந்தக் கூட்டத்தில் ஏதோ ஒன்று தவறு. எது என்பதைத் தர்க்கம் காட்டிக்கொடுக்காது. பாப்பரின் நூல் வந்தது 1934இல். பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் டுயெம் இந்தச் சிக்கலை 1906இலேயே எழுதிவிட்டார். (பாப்பருக்கும் இது தெரியும். பாடநூல்களில் வரும் பாப்பருக்குத்தான் தெரியாது.)

பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே கைவைத்தது அந்தச் சொல்லாத அனுமானத்தில். புதுக்கோள் எங்கே இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு எழுதினார். 1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லினில் வானியலாளர் காலே ஒரு பாகை வித்தியாசத்துக்குள் நெப்டியூனைப் பார்த்தார்.

அடுத்தது புதன். அதன் பாதையில் சூரியனுக்கு மிக நெருங்கும் புள்ளி மெல்ல நகர்கிறது. மற்றக் கோள்களின் இழுப்பைக் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 38 விகலை மிஞ்சுகிறது என்றார் லெவெரியே, 1859இல். பின்னர் வானியலாளர் சைமன் நியூகோம் அதை 43 ஆகத் திருத்தினார். ஒரு பாகைக்கு 3600 விகலை என்பதை நினைத்தால் இது எவ்வளவு சின்ன மிச்சம் என்று புரியும். லெவெரியே பழைய உத்தியையே எடுத்தார்: சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே ‘வல்கன்’ என்றொரு கோள். பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். கிரகணம் தவறாமல் தேடினார்கள். உறுதியாக எதுவும் அகப்படவில்லை. 1894இல் வானியலாளர் அசாஃப் ஹால் ஈர்ப்பு விதியிலேயே கைவைத்தார்: ஈர்ப்பு தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்றார் நியூட்டன்; அந்த அடுக்கு 2 அல்ல, 2.00000016 என்றார் ஹால். புதனுக்கு அது பொருந்தியது, நிலவின் பாதைக்குப் பொருந்தவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன், எதையும் ஒட்டவைக்காமல், தன் பொதுச் சார்பியல் கோட்பாட்டிலிருந்தே 43ஐப் பெற்றார்.

வல்கனை மோசமான அறிவியல் என்று சொல்வது நியாயமில்லை. எங்கே தேட வேண்டும் என்று அது சொன்னது; அதனால்தான் தோற்க முடிந்தது. ‘வல்கன் இருக்கிறது, ஆனால் எந்தக் கருவிக்கும் தெரியாது’ என்று யாராவது நீட்டியிருந்தால், அதுதான் வெறும் ஒட்டு.

கோட்பாடும் சரி, அனுமானமும் சரி, கருவி தவறு என்பதும் உண்டு. 2011 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை சுமார் 730 கிலோமீட்டரை நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோவினாடி முந்திக் கடந்ததாக ஓபரா என்ற ஆய்வுக் குழு அறிவித்தது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்னும் ஐன்ஸ்டைனின் சார்பியல் பொய்த்துவிட்டது என்று செய்திகள் பறந்தன. இயற்பியலாளர் பெரும்பாலோர் அசையவில்லை. பிடிவாதம் என்று தோன்றலாம். ஆனால் சார்பியலுக்குப் பின்னால் நூறாண்டுச் சோதனைகள் நின்றன, அந்த 60 நானோவினாடிக்குப் பின்னால் ஒரே ஒரு கருவித்தொகுதி. சில மாதங்களில் காரணம் தெரிந்தது: ஜிபிஎஸ் நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழையின் இணைப்பு சரியாகப் பொருத்தப்படாமல் தளர்ந்திருந்தது.