கண்ணை மூடாதீங்க அக்கா

ஜூன் 2

ராயபுரத்தில் ஒரு மொட்டை மாடி. மேலே தகரக் கூரை, ஓரமாகத் தொங்கும், குத்திப் பழகும் பேக்குகள். குத்துச்சண்டைக் கூடம் அவ்வளவுதான். மாஸ்டர் வயதைக் கேட்டார். 41 என்றேன். "அப்போ போட்டி டென்ஷன் இல்ல, நிம்மதியா கத்துக்கலாம்" என்று சிரித்தார். சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் பெரியவர்கள் பிரிவில் 40 வயது வரைதான் அனுமதி. சேர்வதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டேன்!

இன்று கையில் பட்டி சுற்றக் கற்றதோடு சரி. 180 அங்குலம், ஏறக்குறைய நாலரை மீட்டர். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் முட்டிகளின் மேல் சுற்றி, விரல் இடுக்குகளில் விட்டு எடுத்து, மறுபடி மணிக்கட்டுக்கு வர வேண்டும். உள்ளே இருக்கும் சின்ன எலும்புகள் குத்தும்போது அசையாமல் இருக்கத்தான் இத்தனையும்.

ஜூன் 11

பேக்கைத் தொட இன்னும் அனுமதி இல்லை. நிற்பதும் நகர்வதும்தான் பாடம். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடது கால் முன்னால், வலது குதிகால் லேசாகத் தூக்கி. முன்னேறும்போது முன்கால் முதலில் நகர வேண்டும், பின்வாங்கும்போது பின்கால். கால் பின்னிக்கொண்டால் சின்னத் தள்ளலிலேயே விழுவோம்.

ஜூன் 13

கொடியில் காயும் பட்டிகளைப் பார்த்து மாமியார், "யாருக்கும்மா அடி?" என்றார். இன்னும் யாருக்கும் இல்லை அத்தை.

ஜூலை 1

பேக்! முன்கையால் நேராக ஒரு ஜாப், பின்னாலேயே பின்கையால் கிராஸ். தோளால் தள்ளினால் பேக் ஆடுகிறது, அவ்வளவுதான். பின்கால் குதிகாலைத் திருப்பி, இடுப்பையும் கூடவே திருப்பினால் 'தொப்' என்று வேறு சத்தம் வருகிறது. மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு. மூன்றாவது நிமிடத்தில் கிளவுஸ் தானாகத் தாடைக்குக் கீழே இறங்கிவிடுகிறது. கூடத்தில் அதிகம் கேட்கும் வார்த்தை "கார்டு!" கையைத் தூக்கி முகத்தைக் காத்துக்கொள் என்று அர்த்தம்.

ஜூலை 15

இன்று எதிரே ஆள். கல்லூரியில் படிக்கும் பெண், என் தோள் உயரம்தான். அவள் மெதுவாக என் நெற்றியைத் தொட வேண்டும், நான் தட்டிவிட வேண்டும். கிளவுஸ் பாதி தூரம் வருவதற்குள் கண் மூடிக்கொள்கிறது. "கண்ணை மூடாதீங்க அக்கா!" மறுபடி. மறுபடியும் மூடுகிறது. பேக் திருப்பி அடிக்காது என்பதால் இத்தனை நாள் இது தெரியவே இல்லை.

இது எல்லோருக்கும் உள்ள அனிச்சைதான், மன உறுதியால் நிறுத்த முடியாது, மெதுவாக நிறைய அடி வாங்கினால் தானாகக் குறையும் என்றார் மாஸ்டர். அவள் கையைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்க்கச் சொன்னார். தோள் அசைந்த பிறகுதான் கை வரும். நானோ மூச்சையும் பிடித்துக்கொள்கிறேன். ஒவ்வொரு குத்துக்கும் 'ஷ்' என்று விட வேண்டுமாம்.

தலைக்கவசமான ஹெட்கார்டு போட்டால் பயம் போகுமா என்று கேட்டேன். தோல் கிழியாமல் அது காக்கும், ஆனால் மூளை குலுங்குவதை நிறுத்தாது என்றார். ஆண்களுக்கான உயர்மட்டப் போட்டிகளில் 2013-லேயே அதை எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெறுந்தலையோடுதான் ஆடினார்கள். எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் கட்டாயம், அதுதான் சரி என்று எனக்கும் படுகிறது.

ஜூலை 22

மாலையில் வேடிக்கை பார்க்க வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். இடியப்ப நாயக்கர் பரம்பரை, சார்பட்டா பரம்பரை என்று வடசென்னையின் பழைய குத்துச்சண்டை அணிகளைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 1980-இல் முகமது அலி இங்கே வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடியதை நேரில் பார்த்தாராம். என்னைப் பார்த்துவிட்டு, "தாடையை உள்ள இழும்மா" என்றார். அந்த ஒரு வரிக்காகவே அவருக்கு டீ வாங்கித் தரலாம்.

ஜூலை 30

அதே கல்லூரிப் பெண்ணோடு லேசான ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை. அவள் தோள் அசைந்ததைப் பார்த்தேன், ஜாபைத் தட்டிவிட்டேன், கண் திறந்தே இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் நின்றுவிட்டேன் போல. பின்னால் வந்த வலது கை நேராக மூக்கில். "ஒண்ணு வந்தா ரெண்டும் வரும்க்கா" என்று சொல்லிவிட்டு, அவளே தண்ணீரும் எடுத்துக் கொடுத்தாள்.

நாளை மவுத் கார்டு வாங்க வேண்டும். வெந்நீரில் போட்டு இளக்கி, கடித்துப் பல் அச்சு எடுத்துக்கொள்ளும் வகை போதுமாம். திங்கள் முதல் ஜாபும் கிராஸும் சேர்ந்து வரும், இரண்டையும் தடுக்க வேண்டும்.