பெரியப்பாவோட ஒமேகாவும் ஓவராயிலும்

எங்க பெரியப்பா கப்பல்ல இன்ஜின் ரூம் ஃபிட்டர். அவரு வாயில சர்வீஸ்ங்கற வார்த்தையே வராது, எல்லாமே ஓவராயில்தான். மோட்டார் பம்ப் ஓவராயில், டேபிள் ஃபேன் ஓவராயில், பெரியம்மாவோட தையல் மெஷின் ஓவராயில். ஓவர்ஹாலிங்தான் நம்ம மெக்கானிக்ஸ் வாயில அப்படி ஆச்சுன்னு எனக்கு காலேஜ் போனப்புறம்தான் தெரியும், அதுவரைக்கும் எதுவா இருந்தாலும் நெறைய எண்ணெய் விடறதுதான் ரிப்பேர் போலன்னு நெனச்சிட்டிருந்தேன். நான் மட்டும் இல்ல, எங்க ஊர் வாட்ச் கடைக்காரரும் அப்படித்தான் நெனச்சிருக்காரு. அதான் இந்த போஸ்ட்டோட கதை.

வாட்ச் ஒமேகா சீமாஸ்டர், உள்ள இருக்கற மெஷின் காலிபர் 565. பெரியப்பா 1969ல சிங்கப்பூர் சேஞ்ச் ஆலில வாங்கினது, கப்பல்காரங்க அப்ப அங்கதான் எல்லாமே வாங்குவாங்க. மூணு மாச சம்பளம் போச்சுன்னு பெரியம்மா இன்னைக்கும் அதையே சொல்லி திட்டுவாங்க, திட்டிட்டு அந்த வாட்ச்ச முந்தானையில தொடச்சும் வைப்பாங்க. பெரியப்பா தவறுனப்புறம் ரெண்டு வருஷம் பீரோவுலயே கெடந்துச்சு. அப்புறம் என் கைக்கு வந்துச்சு, நானும் ஆர்வக்கோளாறுல ஊர்ல ஒரு கடையில கொடுத்து சர்வீஸ் பண்ணச் சொன்னேன், 800 ரூபா, அர மணி நேரத்துல ரெடி. அர மணி நேரத்துல ரெடின்னப்பவே எனக்கு ஒறச்சிருக்கணும்.

அப்புறம் பல வருஷம் எப்பவாவது கல்யாணம் காட்சிக்கு மட்டும் கட்டுவேன். போன வருஷம்தான் தினமும் கட்ட ஆரம்பிச்சேன், அப்பதான் வண்டவாளம் தெரிஞ்சது. ஒரு நாளைக்கு ஆறு நிமிஷம் ஃபாஸ்ட்டா ஓடுது. ராத்திரி கழட்டி வச்சா காலையில நின்னு போயிருக்கு. கைய ஆட்டுனா உள்ள கரக் கரக்னு தகரம் ஒரசற மாதிரி ஒரு சத்தம். பழைய மெஷின் அழுக்காச்சுன்னா மெதுவாத்தானே ஓடணும், இது என்ன குதிரை மாதிரி ஓடுதுன்னு எனக்கு ஒரே குழப்பம்.

ஒமேகாவே அஞ்சுலேர்ந்து எட்டு வருஷத்துக்கு ஒரு தடவ சர்வீஸ் பண்ணச் சொல்றாங்க. கேக்க அதிகமாத்தான் தெரியும், ஆனா கணக்கு போட்டுப் பாருங்க. இந்த 565 மணிக்கு 19,800 துடிப்பு, ஒரு நாளைக்கு 4,75,200, வருஷத்துக்கு 17 கோடிக்கு மேல. எந்த கார் இன்ஜினையும் நாம இப்படி நாள் பூரா அணைக்காம ஓட்டறது இல்ல.

கம்பெனி சர்வீஸுக்கே அனுப்பிடலாமான்னு யோசிச்சேன். ஆனா இந்த மாதிரி பழைய வாட்ச்ச கொடுத்தா டயல், முள்ளு எல்லாம் புதுசா மாத்தலாம்னு சொல்றது உண்டு, கேஸ, அதாவது வாட்ச்சோட வெளிக்கூட்ட, பாலிஷ் போட்டு பளபளன்னு தருவாங்க. வேணாம்னு எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனா அந்த வெளிறிப்போன டயல்தானய்யா எனக்கு பெரியப்பா. கடைசியில ஒரு ஃப்ரெண்ட் சென்னை பாரீஸ் கார்னர் பக்கம் மாடியில ஒரு சின்ன ரூம்ல உக்காந்து வேல பாக்கற ஒரு பாய்கிட்ட கூட்டிட்டு போனான். போர்டு கிடையாது. நாப்பது வருஷமா இதே வேலையாம்.

பாய் வாட்ச்ச வாங்கி மொதல்ல ஒரு சின்ன காம்பஸ் பக்கத்துல வச்சாரு. முள்ளு அசையல. "காந்தம் இல்ல தம்பி"ன்னாரு. ஃபாஸ்ட்டா ஓடுற வாட்ச்ல முதல் சந்தேகமே காந்தம்தானாம், ஸ்பீக்கர், ஃபோன் கவர்ல இருக்கற மேக்னட், ஹேண்ட்பேக் பட்டன், இதுங்க பக்கத்துல போனா உள்ள இருக்கற ஹேர் ஸ்பிரிங்ங்கற மெல்லிசான சுருள் கம்பியில காந்தம் ஏறி சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அதுக்கு ஒரு மெஷின் இருக்கு, பத்து செகண்ட் வேல. இங்க அது இல்லன்னா வேற என்னவோ ஒட்டியிருக்குன்னு அர்த்தம்.

பின் மூடிய கழட்டி ஐகிளாஸ் மாட்டிப் பாத்தாரு. பாத்துட்டு எதுவும் பேசாம ஐகிளாஸ என்கிட்ட கொடுத்தாரு. அந்தக் காலத்து ஒமேகா மெஷின் செம்பு கலர்ல தகதகன்னு இருக்கும், அவ்ளோ அழகு. அதுக்கு மேல ஈரம் பூத்த மாதிரி பளபளப்பு, போய்ட்டு போய்ட்டு வந்து நேரத்த அளக்கற பேலன்ஸ் சக்கரத்துக்கு மேல முடி மாதிரி சுத்தியிருக்கற ஹேர் ஸ்பிரிங்ல ரெண்டு சுத்து எண்ணெய்ல ஒட்டிப்போய் ஒண்ணா இருந்துச்சு. ஊஞ்சல் கயித்த குட்டையாக்கினா வேகமா ஆடும்ல, அதே மாதிரி ரெண்டு சுத்து ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங் குட்டையான மாதிரிதான், சக்கரம் வேக வேகமா போய்ட்டு வந்துடும். ஆறு நிமிஷத்துக்கு காரணம் அம்புட்டுதான், ஒரு சொட்டு எண்ணெய்.

"கழட்டவே இல்ல தம்பி, அப்படியே பெட்ரோல்ல முக்கி எடுத்து, எல்லா கல்லுலயும் எண்ணெய் வச்சிருக்காங்க"ன்னாரு. கல்லுன்னா சக்கரங்களோட அச்சு சுத்தற குட்டி மாணிக்கக்கல். எனக்கு கோவம் வந்துச்சு, அவருக்கு வரல. ஹெச்.எம்.டி காலத்துல ஜனங்க முப்பது ரூபா கொடுத்துட்டு பஸ் வர்றதுக்குள்ள வேணும்பாங்க, அதுக்கு பழகின கை அப்படித்தான் இருக்கும்னாரு. ஹெச்.எம்.டி வாட்ச் அதையும் தாங்கிச்சு, அது வேற விஷயம். 1961ல ஜப்பான் சிட்டிசனோட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது, 2016ல மூடிட்டாங்க, ஆனா அவர் மேஜை மேல அன்னைக்கும் மூணு ஹெச்.எம்.டி வரிசையில இருந்துச்சு.

டைம்கிராஃபர்னு ஒரு மெஷின் இருக்கு, வாட்ச்ச அதுமேல மாட்டினா டிக் டிக்க மைக்ல கேட்டு நாடி பாக்கும். என்னோடது ஒரு நாளைக்கு பிளஸ் 370 செகண்ட், ஆம்ப்ளிட்யூட் 168 டிகிரி. ஆம்ப்ளிட்யூட்னா பேலன்ஸ் சக்கரம் எவ்ளோ தூரம் வீசி ஆடுதுங்கற கணக்கு, நல்லா இருக்கற வாட்ச் முழு சாவில 270லேர்ந்து 300 பக்கம் காட்டணும். 168ங்கறது வென்டிலேட்டர் கேஸ்.

அஞ்சு வாரம் ஆகும்னாரு. சனிக்கிழமை சனிக்கிழமை போய் உக்காந்துப்பேன், டீ வாங்கிட்டுப் போனா எதுவும் சொல்ல மாட்டாரு. கழட்டறதுக்கு ஒரு முறை இருக்கு: மொதல்ல வாட்ச்ச ஓட்டற மெயின் ஸ்பிரிங்ல இருக்கற இறுக்கத்த மெதுவா விடணும், அப்படியே கழட்டினா பல்சக்கரம் எல்லாம் சர்ருனு சுத்தி பல்லு போயிடும். முள்ளு எடுக்கும்போது டயல் மேல ஒரு பிளாஸ்டிக் தாள வச்சுத்தான் எடுத்தாரு. டயல புடிக்கற ரெண்டு குட்டி ஸ்க்ரூல ஒண்ணக் காணோம், பழைய கடையில தொலைச்சது, இத்தன வருஷமா டயல் ஒத்தக் கால்லதான் நின்னிருக்கு.

ரோட்டர் எடுத்ததும் கரக் சத்தத்துக்கு காரணம் தெரிஞ்சது. நாம கைய ஆட்டும்போது சுத்தி சாவி கொடுக்கற அரை வட்டமான கனத்த தகடுதான் ரோட்டர், அது சுத்தற புஷ், அதாவது அச்சத் தாங்கற குட்டி வளையம், தேஞ்சு போய் தகடு தொங்கி பின் மூடிய ஒரசியிருக்கு, மூடிக்குள்ள நிலா மாதிரி ஒரு கீறல். இந்த சீரிஸ் ஒமேகாவுல வயசானா வர்ற நோய்தானாம். எண்ணெய் இருக்கவேண்டிய எடம் அது, அங்க மட்டும் காஞ்சு கெடந்துச்சு!

அடுத்து மெயின் ஸ்பிரிங் இருக்கற டப்பா, பேரல். இதுதான் எனக்கு ரொம்ப புடிச்ச பாடம். சாவி கொடுக்கற வாட்ச்ல ஸ்பிரிங்கோட வெளி நுனி பேரல் சுவத்துல கொக்கி போட்டு மாட்டியிருக்கும். ஆட்டோமேட்டிக்ல அப்படி மாட்டினா நாள் பூரா கை ஆடி ஆடி ஏதாவது ஒடஞ்சிடும், அதனால நுனிய மாட்டாம சுவத்த அழுத்திப் புடிச்சிக்கற மாதிரி விட்டிருப்பாங்க, முழுசா ஏறினப்புறம் தானா வழுக்கி விடும். அந்த சுவத்துக்கு வழுக்காம புடிக்கற ஒரு தனி கிரீஸ் போடணும். அங்க போய் சாதா எண்ணெய் ஊத்தினா? "சைக்கிள் ரிம்ல எண்ணெய் தடவிட்டு பிரேக் புடிக்கலைன்னா எப்படி தம்பி"ன்னாரு. பாதி ஏறும்போதே வழுக்கிடும், முழு சாவியே ஏறாது, ராத்திரி மூணு மணிக்கு நின்னுடும். பத்தாததுக்கு ஸ்பிரிங்கும் சோந்து போயிருந்துச்சு. வெளிய எடுத்தா எஸ் மாதிரி எதிர்ப்பக்கம் வளைஞ்சு விரியணும், இது கொசுவத்தி மாதிரி சுருண்டே கெடந்துச்சு. புது ஸ்பிரிங் வெளியில செஞ்சு விக்கறவங்க இருக்காங்க, சுவிஸ்லேர்ந்து வரவழச்சாரு.

மத்த பார்ட்ஸ்தான் தலைவலி. ஒமேகா இருக்கற ஸ்வாட்ச் குரூப் 2015 கடைசியோட வெளி டீலர்களுக்கு ஸ்பேர் சப்ளைய நிறுத்திட்டாங்க, அவங்க அங்கீகாரம் இருக்கற ஒர்க்ஷாப்புக்கு மட்டும்தான். தரத்துக்காகன்னு சொல்வாங்க, இருக்கலாம். ஆனா அம்பது வருஷம் ஓடும்னு சொல்லி வித்துட்டு அம்பதாவது வருஷம் ஒரு ஸ்க்ரூ கிடைக்காதுன்னா என்ன நியாயம்னு எனக்கு இன்னும் புரியல. பாய் கிட்ட அதே குடும்பத்து செத்துப்போன மெஷின் ஒண்ணு டப்பாவுல இருந்துச்சு, ரோட்டர் புஷ்ஷும் டயல் ஸ்க்ரூவும் அதுலேர்ந்துதான் வந்துச்சு.

எல்லாத்தையும் சல்லடைக் கூடையில போட்டு மூணு ஜாடி மருந்துல சுத்த விட்டு கழுவி, அப்பவும் நம்பாம ஒவ்வொரு மாணிக்கக்கல் ஓட்டையிலயும் கூர் சீவின மரக்குச்சிய விட்டு திருகிப் பாத்தாரு, குச்சி நுனி கருக்காம வர்ற வரைக்கும். 24 கல்லு இருக்கு இதுல. நகக் கண்ணுல ஒட்டிக்கற அளவு பொடிசு ஒவ்வொண்ணும். விலைக்கு ஒண்ணும் இல்ல, லேப்ல செய்யற செயற்கை மாணிக்கம்தான், எஃகு அச்சு அதுல தேயாம சுத்தும்.

எண்ணெய் வைக்கறப்போ என்னய பேச வேணாம்னுட்டாரு. வேகமா ஆடற பேலன்ஸுக்கு தண்ணி மாதிரி ஒண்ணு, மெதுவா கனமா சுத்தற சக்கரங்களுக்கு கொஞ்சம் கெட்டியா ஒண்ணு, சாவி திருகற எடத்துக்கு கிரீஸ். ரெண்டு மில்லி பாட்டில் ஆயிரக்கணக்குல விலை, ஆனா ஒரு வாட்ச்சுக்கு ஒரு முழு சொட்டு கூட ஆகாது. ஊசி நுனி மாதிரி ஒரு கம்பி, அதுல ஒட்டற அளவுதான். பேலன்ஸ் மூடிக் கல்லுல வச்ச எண்ணெய் நடுவுல வட்டமா நிக்கணும், ஓரத்த தொட்டா இழுத்துட்டு ஓடிடும், அதனால தொடச்சுட்டு மறுபடி. அத மூணு தடவ பண்ணாரு. பேலட் ஃபோர்க்னு நங்கூரம் மாதிரி ஒண்ணு இருக்கு, டிக் டிக் சத்தமே அதுலதான் வருது. அதோட அச்சுல எண்ணெயே வைக்கல, மறந்துட்டாரோன்னு கேட்டேன். "அங்க வைக்கக் கூடாது, காஞ்சே இருக்கணும்"ன்னாரு. அதோட ரெண்டு கல்லு மொகத்துல மட்டும் ஒரு தனி கிரீஸ், சும்மா இருக்கறப்ப கெட்டியா நிக்கும், பல்லு வந்து இடிக்கற நொடியில இளகும். இதுக்கெல்லாம் முன்னாடி அந்தக் காலத்துல ஓங்கில் மீன் தாடையிலேர்ந்து எடுத்த எண்ணெய்தான் வாட்ச்சுக்கு விட்டாங்களாம், அமெரிக்காவுல அதுக்குன்னே கம்பெனி இருந்திருக்கு. தூத்துக்குடிக்காரனான எனக்கே அது புதுசு.

வாட்ச்ச மூடறதுக்கு முன்ன பின் மூடியோட உள்பக்கத்த காட்டினாரு. பொடிப்பொடியா கீறல் எழுத்து, ரிப்பேர் பண்ணவங்க அவங்கவங்க அடையாளத்துக்கு கீறி வைக்கறது. ஒண்ணு "3.76", இன்னொண்ணு இங்கிலீஷ் எழுத்து ரெண்டும் "88"ம். எந்த துறைமுகமோ, எந்த ஊரோ. 800 ரூபா சர்வீஸுக்கு கீறலே இல்ல. பாயும் கீறல, நோட்ல எழுதிக்கிட்டாரு. கிளாஸ் ஒரிஜினல்தானாம், நடுவுல கண்ணுக்கே தெரியாத அளவுல ஒரு ஒமேகா குறி இருக்கு, கூர்ந்து பாத்தாதான் தெரியும். பிளாஸ்டிக் மாதிரி அக்ரிலிக்தான், கீறல தேச்சே எடுத்துட்டாரு. கேஸ் மேல கை வைக்கல.

புது ஸ்பிரிங், தண்ணி உள்ள போகாம தடுக்கற வளையமான கேஸ்கெட், கூலி எல்லாம் சேத்து 9,500. டைம்கிராஃபர்ல பிளஸ் 5 செகண்ட், ஆம்ப்ளிட்யூட் 274. டயல மேல பாத்து வச்சா பிளஸ், சாவிய கீழ பாத்து நிக்க வச்சா கொஞ்சம் மைனஸ், அதனால ராத்திரி எப்படி வைக்கறோம்ங்கறத வச்சே சரி பண்ணிக்கலாம்னு சொல்லிக் கொடுத்தாரு, இப்ப நான் தூங்கறதுக்கு முன்னாடி அத ஒரு பூஜை மாதிரி பண்றேன். தண்ணி மட்டும் காட்டாத, இதுக்கு இனி நீச்சல் வயசு இல்லன்னாரு.

ஊருக்கு எடுத்துட்டுப் போனப்போ பெரியம்மா மொதல்ல கேட்டது, "ஏன் பளபளன்னு இல்ல, ஏமாத்திட்டானா?" காதுல வச்சுக் கேட்டாங்க. ரொம்ப நேரம் கேட்டாங்க. "ஓவராயில் பண்ணியாச்சா"ன்னாங்க. ஓவராயில எடுத்தாச்சு பெரியம்மான்னேன், அவங்களுக்கு புரியல. பழைய ஸ்பிரிங், தேஞ்ச புஷ், கருத்துப்போன கேஸ்கெட் எல்லாத்தையும் பாய் ஒரு சின்ன பிளாஸ்டிக் கவர்ல போட்டுத் தந்திருந்தாரு, அத குப்பையில போடப் போனேன். புடுங்கிட்டாங்க. பெரியப்பாவோட சி.டி.சி புக், அதான் கப்பல்காரங்களோட வேலைப் பதிவுப் புத்தகம், இருக்கற டிரங்குப் பெட்டியில, பாஸ்போர்ட்டுக்கு பக்கத்துல வச்சு பூட்டியாச்சு.