முதல் பைப்புக்கு ஃபில்டர் வேணுமா?

புகையிலை பிடிக்கிற பைப் புதுசா ஆரம்பிக்கிறவங்க என்னைக் கேட்டா 9 மி.மீ ஃபில்டர் போடுற மாடலையே வாங்குங்கன்னுதான் சொல்வேன், ஏன்னா ஃபில்டர் வேணாம்னு தோணுறப்ப அதைக் கழட்டிட்டு அந்த இடத்துல ஒரு அடாப்டர் (ஃபில்டருக்குப் பதிலா வைக்கிற சின்னக் குழாய்) சொருகிக்கலாம், ஆனா ஃபில்டர் இல்லாத பைப்புல துளை சின்னது, பின்னாடி ஆசைப்பட்டாலும் ஃபில்டர் உள்ள போகாது.

ஜெர்மனில 9 மி.மீ ஃபில்டர்தான் வழக்கம். நியூரம்பர்க்ல இருக்கிற வாவென் கம்பெனி ஃபில்டருக்குள்ள ஆக்டிவேட்டட் கரித்துண்டு இருக்கும், ஒரு முனைல செராமிக் மூடி, அந்த முனை புகையிலை போடுற கிண்ணத்தைப் பார்த்து இருக்கணும், சூடான புகை முதல்ல அதுலதான் படும். இத்தாலி சவினெல்லி கம்பெனி ஃபில்டர்ல பால்சாங்கிற லேசான மரத்துண்டு, ஈரத்தை மட்டும் உறிஞ்சும், ருசியை அவ்வளவா தொடாது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும்.

ஃபில்டர் இருந்தா உடம்புக்கு ஒண்ணும் ஆகாதுன்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க, வாய்ப் புற்றுநோய் ஆபத்து ரெண்டுலயும் இருக்கு.

புதுசுல எல்லாரும் வேகமா இழுப்பாங்க, பைப் சூடாகி ஈரம் சேர்ந்து கொளகொளன்னு சத்தம் வரும், நாக்கு எரியும். ஈரத்தை ஃபில்டர் பாத்துக்கும், எரிச்சலுக்கு மெதுவா இழுக்கிறதுதான் வழி. ஃபில்டர் இல்லாததுல புகையிலை ருசி முழுசா கிடைக்கும், சத்தம் கேட்டா நடுவுலயே பைப் கிளீனரை (பஞ்சு சுத்தின மெல்லிய கம்பி) ஒருதரம் உள்ள விட்டு எடுங்க.