எண்ணெயும் வினாகிரியும்

பாரிஸில் உணவகக் குசினிகளில் நிற்கும் நம் ஆட்களில் நானும் ஒருத்தன். சாலட், அவித்த லீக்ஸ், துருவிய கரட் எல்லாம் என் பக்கம். "கடையில சாப்பிடுற சாலட் ருசி வீட்டில வருகுதில்லை அண்ணை, என்ன போடுறீங்கள்?" என்று சொந்தக்காரர் யாராவது கேட்காத விருந்து இல்லை. போடுவதெல்லாம் அவர்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கிற சாமான்தான். சாலட்டில் ஊற்றும் எண்ணெய் வினாகிரிக் கலவைக்கு எதை முதலில் போடுகிறோம் என்பதில்தான் விஷயம்.

உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் கோப்பையில் முதலில் வினாகிரி, அதற்குள் உப்பு. அடியில் நறநறவென்று ஒன்றும் தட்டுப்படாத வரை கலக்க வேண்டும். பிறகு டிஜோன் கடுகு என்கிற பிரெஞ்சுக் கடுகு விழுது, மிளகுத்தூள். எண்ணெய் கடைசியில்தான், அதுவும் முதலில் சொட்டுச் சொட்டாக, அடித்துக்கொண்டே. கலவை மெல்ல வெளிறித் தடித்து, கரண்டியின் முதுகில் ஒட்டி நிற்கும். அதைப் பார்த்த பிறகு மிச்ச எண்ணெயை நூலாக ஊற்றலாம். நாலு பேருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி கடுகு போதும். என்டிவ் மாதிரிக் கைப்பான இலைக்கு வால்நட் எண்ணெய் நன்றாகப் பொருந்தும். சின்னப் போத்தலாக வாங்குங்கள், திறந்தால் சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும்.

கடுகு காரத்துக்காக மட்டும் இல்லை. விதையின் தோலில் உள்ள வழவழப்பான பசைதான் எண்ணெய்த் துளிகளை வினாகிரிக்குள் பிடித்து வைக்கிறது. டிஜோன் என்று பிரெஞ்சு ஊரின் பேர் இருந்தாலும், அப்போது விதை பெரும்பாலும் கனடாவிலிருந்துதான் வந்தது. 2021இல் அங்கே வறட்சியில் விளைச்சல் சரிந்தது. 2022 கோடையில் பாரிஸ் சுப்பர் மார்க்கெட்டுகளில் கடுகுத் தட்டு காலியாகக் கிடந்தது. அந்த நாட்களில் சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி வினாகிரியில் ஊறவிட்டு, எண்ணெயோடு மூடிபோட்ட போத்தலில் குலுக்கி, பிரிவதற்குள் ஊற்றிச் சமாளித்தோம். அந்த ருசி எனக்குப் பிடித்துப் போய்விட்டது. கடுகு திரும்ப வந்த பிறகும் தக்காளிக்கு அப்படித்தான் செய்கிறேன்.

சரி, இனி இலை. ஈரமான இலையில் எண்ணெய் ஒட்டாது. வழுக்கித் தட்டின் அடியில் தேங்கிவிடும். வீட்டுச் சாலட் சப்பென்று இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், வினாகிரி விலை இல்லை. கழுவின இலையைச் சுழற்றி, துவாயில் பரப்பி, கையால் தொட்டால் ஈரம் படாத அளவுக்குக் காயவிடுங்கள். கலப்பது மேசைக்குப் போகிற நேரத்தில். இலையின் மேல் இருக்கிற மெழுகுப் படலம் தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. முன்கூட்டியே கலந்து வைத்தால் இலை கறுத்துத் துவண்டுவிடும். கரண்டியை விட விரலால் கலப்பதுதான் நல்லது, எந்த இலையில் படவில்லை என்று கைக்குத் தெரியும்.

உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் நேர்மாறு. சூட்டோடு ஊற்றினால்தான் உள்ளே இறங்கும். ஆறிய கிழங்கில் எவ்வளவு ஊற்றினாலும் மேலேயே நிற்கும்.

மிஞ்சிய கலவையை ஃபிரிட்ஜில் வைத்தால் ஆலிவ் எண்ணெய் கட்டிபட்டு மங்கலாகத் தெரியும். பழுதென்று கொட்டிவிடாதீர்கள், அரைமணி நேரம் வெளியே வைத்துக் குலுக்கினால் பழையபடி வந்துவிடும். பச்சை உள்ளி நசுக்கிப் போட்டதை மட்டும் அன்றைக்கே முடித்துவிடுங்கள். அடுத்த நாள் உள்ளி வாடை மற்றதையெல்லாம் அமுக்கிவிடும்.